பூட்டிய வீட்டில் ஓடியவள்

முத்துப்பேச்சி திருப்பூர்ப் பக்கம் வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. கமுதிக்கு அருகே ஒரு சிற்றூரிலிருந்து கணவன் ஜெயபாண்டியோடும் ஆறு வயது மகள் அனுசுயாவோடும் வந்தவள், அவிநாசியிலிருந்து சேவூர் போகும் சாலையில் ஒரு லைன் வீட்டில் குடியேறினாள். ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நிற்கும் எட்டு வீடுகளில் அது கடைசி. ஒரே அறை, அதன் கோடியில் சமையல் மேடை, மேலே சிமெண்ட் ஷீட். ஜெயபாண்டிக்குச் சாயப்பட்டறையில் வேலை. முத்துப்பேச்சி, நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒரு பனியன் கம்பெனியில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தாள். காலை எட்டரைக்குப் போனால் மாலை ஐந்தரை வரைக்கும் வேலை. ஆர்டர் அவசரம் என்றால் இரவு எட்டரை ஆகும். ஆர்டர் எப்போதும் அவசரமாகத்தான் இருந்தது.

அனுசுயாவின் பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விட்டுவிடும். வந்த புதிதில் அவள் தெருவில் மற்ற பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டு கிடந்தாள். பிறகு ஒருநாள், மூன்றாவது வீட்டு முனீஸ், ஏழு வயதுப் பயல், பந்துக்குப் பின்னால் ஓடியபோது துணி உருளைகளை ஏற்றிக்கொண்டு பின்னோக்கி வந்த டெம்போ அவன் காலில் ஏறிவிட்டது. மூன்று மாதம் மாவுக்கட்டு. அன்றைக்கு எட்டு வீட்டுப் பெண்களும் சேர்ந்து அழுதார்கள், அடுத்த வாரமே எட்டு வீடுகளும் பூட்டிக்கொண்டன. முத்துப்பேச்சி ஒரு சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோர்த்து மகள் கழுத்தில் போட்டாள். பள்ளிவிட்டு வந்ததும் கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேண்டும். அம்மா குரல் கேட்டால் ஒழிய, யார் கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது. அனுசுயா சொன்னபடி கேட்கிற பெண். நாலு வருடமாக அப்படியே இருந்தாள். அரசாங்கம் கொடுத்த டிவி வந்த பிறகு முத்துப்பேச்சிக்கு மனம் இன்னும் கொஞ்சம் ஆறியது. பிள்ளைக்குப் பொழுது போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாயிரத்து எட்டில் கரண்ட் தட்டுப்பாடு வந்தது. அந்தப் பகுதிக்குச் சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரை கட். பெரிய கம்பெனிகள் ஜெனரேட்டர் போட்டு ஓட்டின. முத்துப்பேச்சியின் கம்பெனி சின்னது. முதல் வாரம் எல்லாரும் இருட்டு ஹாலில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது வாரம் சூப்பர்வைசர், பக்கத்தில் வீடு உள்ளவர்கள் போய்விட்டு ஆறு மணிக்குத் திரும்பி வந்துவிடலாம் என்று சொன்னார்.

அப்படி முதல் நாள் வீட்டுக்கு வந்தவளுக்கு, வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே தடதடவென்று ஒரு சத்தம் கேட்டது. ஓய்ந்தது. மறுபடி தடதடவென்று வந்தது. கதவைத் தட்டக் கை போனது, ஆனால் என்னவென்று தெரியாமல் தட்டவும் பயம். ஜன்னல் கதவு ஒன்று சரியாக மூடாது. அந்த இடுக்கில் கண்ணை வைத்தாள்.

உள்ளே அனுசுயா ஓடிக்கொண்டிருந்தாள்.

பாயைச் சுருட்டி ஓரமாக நிறுத்தியிருந்தாள். குடத்தையும் அரிசி டப்பாவையும் மூலைக்குத் தள்ளியிருந்தாள். பள்ளிக்கூடப் பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, கதவுப் பக்கத்துச் சுவரிலிருந்து சமையல் மேடைச் சுவர் வரைக்கும் ஓடினாள். ஏழெட்டு எட்டுத்தான் வரும். கையால் சுவரை அறைந்து திரும்பி, அதே வேகத்தில் இந்தப் பக்கம் வந்தாள். முடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. உதடு எண்ணிக்கொண்டே இருந்தது. இரண்டு சுவரிலும் ஒரே உயரத்தில் அழுக்குக் கறை. சாய்ந்து உட்கார்ந்து சுவரை நாசம் பண்ணுகிறாள் என்று முத்துப்பேச்சி இரண்டு தடவை திட்டியிருந்த கறை அது.

அவள் தட்டவில்லை. வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, 'எரநூறு' என்று உள்ளே சத்தமாகச் சொல்லும் குரல் வந்தது. பார்த்தால் பிள்ளை சிமெண்ட் தரையில் கையைக் காலைப் பரப்பிப் படுத்துக்கொண்டு, மூச்சு வாங்க, கூரையைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். முத்துப்பேச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிறகுதான் கூப்பிட்டாள்.

மகளுக்கு டீயும் வர்க்கியும் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக விசாரித்தாள்.

"எதுக்குத்தா வீட்டுக்குள்ள ஓடுற?"

அனுசுயா தப்புச் செய்துவிட்டதாக நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள். "கரண்ட் இருந்தா டிவி பாப்பேன்மா. கரண்ட் போயிட்டா காலு துறுதுறுங்குது."

பள்ளிக்கூடத்தில் விளையாட விடமாட்டார்களா என்று கேட்டாள். வாரத்துக்கு இரண்டு பீரியட் உண்டு, அதில் ஒன்றைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார், மிச்சம் ஒன்றில் மைதானத்தைப் பையன்கள் கிரிக்கெட்டுக்குப் பிடித்துக்கொள்வார்கள், பெண் பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை, பாடவேளை அட்டவணையைச் சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் முத்துப்பேச்சியை என்னவோ செய்தது.

மறுநாள் கரண்ட் போனதும் வந்து மகளைத் தெருவுக்குக் கூட்டிப்போனாள். ஐந்து நிமிடத்தில் மூன்று டெம்போ. பேக்கரி வாசலில் நின்ற ஆண்கள் சிகரெட்டோடு திரும்பிப் பார்த்தார்கள். அவளே பயந்துபோய்ப் பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஆனால் லைன் வீட்டுக்குப் பின்னால் முள்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஏக்கர் காடு சும்மா கிடந்தது. முன்பு சோளம் போட்டுக்கொண்டிருந்த நிலம். கிணறு வற்றி மூன்று வருடமாகத் தரிசு. வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தியுடையதுதான். அவர் பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின்கள் போட்ட பிறகு காட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. வாடகை, தண்ணீர் எல்லாமே அவர் மனைவி ரங்காத்தாள் பொறுப்பு. அப்பாயியின் பெயரை வைத்துவிட்டதால் நாற்பது வயதிலேயே கிழவி பெயரோடு திரிகிறேன் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ஆனால் கண்டிப்பானவள்.

முத்துப்பேச்சி அவள் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டாள். ரங்காத்தாள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

"அந்தக் காட்டுல கெணறு இருக்குதம்மிணி. சுத்துச்சுவரு இடிஞ்சு கெடக்குது. எம்பட புள்ளையவே நான் அந்தப் பக்கம் உடறதில்ல. உங்க புள்ளைக்கு ஒண்ணுன்னா நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. முத்துப்பேச்சி மேற்கொண்டு வாதாடவில்லை. ஜன்னல் இடுக்கில் பார்த்ததை மட்டும் சொன்னாள். ஏழெட்டு எட்டு, திரும்ப ஏழெட்டு எட்டு, இருநூறு தடவை.

ரங்காத்தாள் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள். படியில் அவள் மகள் அக்ஷரா, புது ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அனுசுயாவின் வயதுதான். வேனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போய்விட்டு வந்து, டியூஷன், பிறகு கம்ப்யூட்டர். பத்துப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று டாக்டரிடம் காட்டியதில், உடம்பை அசைக்கச் சொல்லியிருந்தார். அப்பா கோயமுத்தூரிலிருந்து நடக்கிற மிஷின் ஒன்று வாங்கி வந்து மாடியில் போட்டார். பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு அதில் நடக்க வேண்டும். நாலு நாள் நடந்தாள். இப்போது கரண்ட் இல்லாததால் அதற்கும் வழியில்லை.

அக்ஷரா இறங்கி வந்து அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். தானும் போகட்டுமா என்று கேட்டிருக்கிறாள். ரங்காத்தாள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி முத்துப்பேச்சியை அனுப்பிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து நாலரை மணிக்கு ரங்காத்தாள் ஒரு கையில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியும் மறு கையில் தடியுமாகக் காட்டுக்குள் இறங்கினாள். பூச்சி பொட்டு இருக்கிறதா என்று புல்லைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். பிறகு நாற்காலியைக் கிணற்றுக்கு முன்னால் போட்டுக் கிணற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"கெணத்துப் பக்கம் நான் உக்காந்துக்கறேன். அந்தாண்ட எங்க வேணாலும் ஓடுங்க கண்ணு."

அனுசுயாவுக்கு முதலில் எப்படி ஓடுவது என்றே தெரியவில்லை. பத்தடி ஓடிவிட்டுப் பழக்கத்தில் நின்று திரும்பினாள். எதிரில் சுவர் இல்லை என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவள் காலுக்குப் புரிந்தது. வேலியோரத்து வேப்பமரம் வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடி, அங்கிருந்து கத்திக் கூப்பிட்டாள். அக்ஷரா பாதி தூரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அனுசுயா திரும்பி வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

ஒரு வாரத்தில் லைன் வீட்டுப் பிள்ளைகள் ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். கால் லேசாக வளைந்த முனீசும் வந்தான். ஓடிப்பிடிச்சு, நொண்டி, கோ-கோ என்று கரண்ட் வருகிற வரைக்கும் புழுதி. அக்ஷரா ஓட ஆரம்பித்தால் பத்து எண்ணிய பிறகுதான் துரத்த வேண்டும் என்று பிள்ளைகளே ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். தீபாவளிக்குள் அது ஐந்தாகி, பொங்கலுக்குள் விதியே போய்விட்டது. முத்துப்பேச்சி முதலில் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கோ-கோவுக்கு ஆள் குறைகிறது என்று பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்ததில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அவள் எழுந்து ஓடிய வேகத்தைப் பார்த்து ரங்காத்தாள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். நாளெல்லாம் மிஷினில் உட்காருகிற உடம்பு இப்படி ஓடும் என்று முத்துப்பேச்சிக்கே தெரிந்திருக்கவில்லை.

அடுத்த மே மாதம் அனுசுயா பெரிய மனுஷி ஆனாள்.

ஊருக்குக் கூட்டிப்போய்ச் சடங்கு நடத்தினார்கள். தாய்மாமன் பட்டுப்பாவாடையும் மாலையும் கொண்டுவந்தான். திரும்பி வந்ததும் ஜெயபாண்டி மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் பிள்ளையைக் காட்டுக்கு விளையாட அனுப்ப வேண்டாம் என்று சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. அவன் கோபப்படுகிற ஆளும் இல்லை. லைன் வீட்டில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், நாம் பிழைக்க வந்த இடம், பெண் பிள்ளை விஷயம் என்றான். முத்துப்பேச்சியும் தலையாட்டினாள். அவளுக்கும் அது சரியென்றுதான் பட்டது. பள்ளிக்கூடச் சட்டைக்கு மேல் போட்டுக்கொள்ளத் தாவணி எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

அனுசுயா மறுப்புச் சொல்லவில்லை. பழையபடி நாலு மணிக்கு வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். இரண்டு நாள் அக்ஷரா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டுப் பார்த்தாள். வரவில்லை என்றதும் அவளும் மாடிக்குப் போய்விட்டாள்.

ஜூலை மாதம் ஒருநாள், கரண்ட் போன நேரத்தில் முத்துப்பேச்சி வீட்டுக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது தன்னையறியாமல் காது கொடுத்தாள். உள்ளே சத்தமே இல்லை. ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். அனுசுயா சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, அணைந்த டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பாய் விரித்தபடியே கிடந்தது.

உள்ளே போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தலையைக் கோதிவிட்டாள்.

"இப்பல்லாம் காலு துறுதுறுங்கலையாத்தா?"

அனுசுயா யோசித்தாள். "முதல்ல இருந்துச்சும்மா. இப்ப மறந்துருச்சு."

முத்துப்பேச்சிக்குத் தன் கால் ஞாபகம் வந்தது. பதின்மூன்று வயதில் அவள் ஊரில் ஆட்டுக்குட்டியை விரட்டி ஓடியது ஒரு நாள் நின்றது. யாரும் அடிக்கவில்லை, வையவில்லை. இனி ஓடாதே என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அவளும் மறந்துதான் போனாள். இருபது வருடம் கழித்து கோ-கோ ஆட வந்த பிள்ளைகள் கையைப் பிடித்து இழுக்கிற வரைக்கும் அந்தக் கால் தனக்கு இருந்ததே நினைவில்லை. மகளுக்கு இரண்டே மாதத்தில் மறந்துவிட்டது. அவளால் அதற்கு மேல் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெயபாண்டி சாப்பிட்டு முடித்த பிறகு பேச்சை எடுத்தாள். பிள்ளை நாளை முதல் காட்டுக்குப் போகட்டும் என்றாள். அவன் பழைய பதிலையே சொன்னான். ஊர் பார்க்கும் என்றான்.

"பாக்கட்டுங்க. அவள மட்டும் எதுக்குப் பாக்கணும், என்னையும் சேத்துப் பாக்கட்டும். நானும் அவகூட ஓடுறேன். ஆத்தாளும் மகளும் சேந்து ஓடுறத எவன் தப்பாப் பேசுவான்?"

ஜெயபாண்டி எழுந்து போய்க் கை கழுவினான். அவள் அதோடு விடாமல், அன்றைக்குச் சாயங்காலம் தன்னோடு வந்து ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றாள். அவன் வருவதாகவும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஆனால் வந்தான். முத்துப்பேச்சியும் அனுசுயாவும் காட்டுக்குப் போன கால்மணி நேரம் கழித்து வேலியோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். உள்ளே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அனுசுயா வந்ததைப் பார்த்து அக்ஷராவும் மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தாள். ரங்காத்தாள் கிணற்றுக்கு முன்னால் நாற்காலியில் இருந்தாள். அனுசுயா தாவணியைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். எத்தனை கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. முத்துப்பேச்சி மட்டும் பிள்ளைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தாள். ஜெயபாண்டி தன் மனைவி ஓடுவதைக் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை. முகமெல்லாம் வேர்த்து, கொண்டை அவிழ்ந்து, அவள் வேறு யாரோபோல் இருந்தாள். அவன் பார்வையை எடுக்கவில்லை.

அப்போது முனீஸ், துரத்துகிற பக்கத்துக்கு ஆள் குறைவதைப் பார்த்து, "சித்தப்பா வாங்க" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டான். ஜெயபாண்டி சுற்றும்முற்றும் பார்த்தான். பையன் விடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

சாயத் தண்ணீரில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற கால் அது. வீங்கிப் பருத்து, நடக்கும்போதே இழுக்கும். நாலு எட்டு ஓடினான். ஐந்தாவது எட்டில் அக்ஷராவைத் தொடப்போய், அவள் சட்டென்று விலக, நிலை தடுமாறி இரண்டு கையையும் ஊன்றிப் புழுதியில் உட்கார்ந்துவிட்டான். பிள்ளைகள் எல்லாம் ஒரு கணம் பயந்து நின்றார்கள்.

ரங்காத்தாள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அனுசுயா. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அடக்கப் பார்த்து மறுபடி சிரித்தாள், கண்ணில் நீர் வந்துவிட்டது. ஜெயபாண்டி உட்கார்ந்தபடியே மகளைப் பார்த்தான். சடங்குக்குப் பிறகு அவள் சிரித்து அவன் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"சிரிக்கிறியா? நீ வந்து ஓடிக் காட்டுத்தா, பாப்பம்," என்றான்.

அவள் அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் நிஜமாகத்தான் சொல்கிறான் என்று தெரிந்ததும் எழுந்து, தாவணியை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகினாள். முதல் சுற்றில் முனீஸே அவளைத் தொட்டுவிட்டான். மூன்றாவது சுற்றில் யாராலும் முடியவில்லை. அன்றைக்கு இருட்டுகிற வரைக்கும் ஆட்டம் நடந்தது. வீட்டுக்கு வந்ததும் மகள் அப்பாவின் வீங்கிய காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். மறுநாள் வேலைக்குப் போகும்போது அவன் மனைவியிடம், மகளுக்குத் துணையாக யாராவது பெரியவர்கள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனான்.

லைன் வீட்டில் பேச்சு வராமல் இல்லை. சமைந்த பிள்ளையை இப்படியா விடுவது என்று இரண்டாவது வீட்டுப் பெண் தண்ணீர்க் குழாயடியில் கேட்டாள். நானும்தான் ஓடுகிறேன், நீயும் வா என்றாள் முத்துப்பேச்சி. அவள் வரவில்லை. ஆனால் அடுத்த மாதம் தன் எட்டு வயது மகளை அனுப்பினாள்.

ஐப்பசியில் முத்துப்பேச்சியின் கம்பெனியும் ஜெனரேட்டர் வாங்கிவிட்டது. இனிக் கரண்ட் போனாலும் வீட்டுக்கு வர முடியாது என்று அவள் ரங்காத்தாளிடம் போய் வருத்தப்பட்டாள். நான் எங்கே போகப்போகிறேன் என்று ரங்காத்தாள் சொன்னாள். அவள் கணவரிடம் சொல்லிக் கிணற்றைச் சுற்றி நாலடி உயரத்துக்குக் கல் கட்டிவிட்டிருந்தாள். அப்படியும் நாற்காலியை அந்த இடத்தில்தான் போட்டாள். முத்துப்பேச்சி சூப்பர்வைசரிடம் பேசி, வாரத்தில் மூன்று நாள் ஐந்தரைக்கே கிளம்பிவிடுவதாகச் சொன்னாள். அவர் முகத்தைச் சுளித்தார். பிறகு விட்டுவிட்டார்.

அப்படி வந்த ஒரு செவ்வாய்க்கிழமை, டிபன் பையோடு நேராகக் காட்டுக்குப் போனாள். வெயில் சாய்ந்து புழுதி பொன்னிறமாகக் கிளம்பியிருந்தது. அனுசுயாவும் அக்ஷராவும் ஒருத்தியை ஒருத்தி துரத்திக்கொண்டு அவளை உரசிப் போனார்கள். அம்மா வந்ததை மகள் கவனிக்கவேயில்லை. முத்துப்பேச்சி பையை வேலியோரம் வைத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, இப்போது யார் துரத்துகிற ஆள் என்று கேட்டாள்.